பெடலில் இருக்கும் கால்

7-8-79, செவ்வாய்

இன்று தேக்கா மார்க்கெட்டில் என் கதைக்கு நல்ல கூட்டம். வடிவேலுவின் காப்பிக்கடையில் நூறு பேராவது நின்றிருப்பார்கள். மீன் வாங்க வந்தவர்கள் மீனை மறந்து நின்றார்கள்.

மச்சான் இயேசுதாசனின் காரில் பேய் இருக்கிற கதைதான். மச்சான் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்தச் சிவப்பு ஃபால்மர் ஸ்போர்ட்ஸ் கார், முன்பக்கம் நசுங்கியபடியே, கெர்பாவ் ரோட்டில் ரவூப் பட்டறையின் பின்கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. ஒருநாள் நடுச்சாமம், பன்னிரண்டு மணி, நான் தன்னந்தனியாகப் போய் அதில் உட்கார்ந்தேன். ஆக்சிலேட்டர் பெடலை மிதித்தேன். காலை எடுத்தேன். பெடல் எழும்பவில்லை! கீழேயே நிற்கிறது. என் காலை எடுத்த இடத்தில் இன்னொரு கால் இருக்கிற மாதிரி. வெளியே நாய் ஊளையிட்டது.

வடிவேலு கேட்டான். "அண்ணே, போன தடவ நாய் இல்லையே?"

"போன தடவ நீ சரியா கேக்கல."

வீட்டுக்கு வந்து தங்கை மகள் பெட்டியிடம் சொன்னேன். அவளுக்கு டெலிபோன் ஆபீசில் வேலை, வாய் நீளம். "மாமா, நடுச்சாமத்துல ரவூப் அங்கிள் பட்டறை பூட்டியிருக்குமே. பேயே உங்களுக்குச் சாவி கொடுத்துச்சா?" என்றாள்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை கேட்கத் தெரியாது.

8-8-79

தங்கை ஜோசபின் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அண்ணே, அந்தக் கதைய நிறுத்திக்குங்க."

14-8-79

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

பெட்டி இங்கிலீஷ் பேப்பரை உரக்கப் படித்தாள். ஃபால்மர் கம்பெனி தன் ஸ்போர்ட்ஸ் வண்டிகளை எல்லா நாட்டிலும் திரும்பக் கூப்பிடுகிறதாம். 'சில நிலைமைகளில் ஆக்சிலேட்டர் பெடல் மிதித்த இடத்திலேயே நின்றுவிடக்கூடும்.' வண்டிக்காரர்கள் ஏஜெண்டிடம் வந்து பதிந்துகொள்ள வேண்டும். நஷ்டப்பட்டவர்களுக்கு நியாயமான ஈடு பற்றிப் பேசுவார்களாம்.

ஜோசபின் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள். "திருப்பிப் படி" என்றாள். பெட்டி படித்தாள். "இன்னொரு தடவ." மூன்றாம் தடவை படித்து முடித்ததும் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின மீனையே மறுபடி கழுவினாள்.

மச்சான் போன அன்றைக்கு நடந்ததை நான் யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

வெள்ளைக்காரன் செம்பவாங் தளத்தைக் காலி செய்து போனபோது ஒரு கடற்படை அதிகாரி அந்தக் காரை மச்சானுக்கு ஏறக்குறைய சும்மா கொடுத்துவிட்டுப் போனான். மச்சான் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டுகிறவர். கிரேன்காரனுக்கு ரெண்டு சீட்டுக் கார் எதற்கு என்று அஞ்சு வருஷமும் வீட்டில் சண்டை. அந்த நாள் காலையிலும் சண்டை. ஜோசபின் வாசலில் நின்று, "அந்தக் காரையே கட்டிக்கிட்டு எங்கயாவது போய்ச் சேருங்க" என்றாள். மத்தியானம் மண்டாய் ரோட்டு வளைவில் கார் மரத்தில் மோதியது. பின்னால் வந்த லாரிக்காரன் கோர்ட்டில் சொன்னது இதுதான்: வளைவு வருவது தெரிந்தும் அந்த ஆள் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டிக்கொண்டே போனார்.

கோர்ட்டு அப்படியும் சொல்லவில்லை, இப்படியும் சொல்லவில்லை. கோயிலில்தான் சொன்னார்கள். தானாகப் போய் மோதிக்கொண்டார் என்று. கத்தோலிக்கர் வீட்டில் தற்கொலையை விடப் பெரிய பழி கிடையாது. ஒவ்வொரு நவம்பரும் இறந்தவர்கள் திருநாளில் பீடத்திலிருந்து பெயர் வாசிப்பார்கள். மூன்று வருஷமாக ஜோசபின் எங்கள் அப்பா பெயர் கொடுக்கிறாள், அம்மா பெயர் கொடுக்கிறாள். புருஷன் பெயர் மட்டும் கொடுப்பதில்லை.

26-8-79, ஞாயிறு

நடராசா வீட்டில் கூட்டம். சிலோன்காரர், வக்கீல். அவரிடமும் ஒரு ஃபால்மர் இருக்கிறது, மஞ்சள் நிறம். வண்டிக்காரர்களை எல்லாம் ஒன்று சேர்த்திருக்கிறார். பல் டாக்டர், சீன டவுக்கே முதலாளியின் மகன், ரெண்டு வெள்ளைக்காரர்கள். எல்லாரும் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள் என்று வடிவேலுவிடம் சொன்னேன். அவர்கள் எழுந்தது கேக் எடுக்க.

கம்பெனி பெடல் கம்பியை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்கிறதாம். இவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இனி இந்த வண்டியை யார் வாங்குவான், இந்த ஊரில் கார் வரி எவ்வளவு, வரியோடு சேர்த்துக் கொடுத்தால்தான் நியாயம் என்று ஆளாளுக்குப் பேச்சு. கடைசியில் நடராசா ஜோசபின் பக்கம் திரும்பி, "உமக்கு என்ன வேணும் அம்மா? சொல்லும்" என்றார்.

ஜோசபின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அவர் வேணும்னு போனாரா, வண்டி கொண்டுபோச்சா? அத மட்டும் கம்பெனிய சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

பெட்டி அதை இங்கிலீஷில் சொன்ன பிறகு யாரும் கேக் தொடவில்லை.

வழியனுப்ப வந்த நடராசா என்னிடம் தனியாக, "அந்த வண்டியின்ர பெடல் ஒட்டினதைக் கண்ணால கண்ட ஆள் நீர் ஒருத்தர்தான். கண்டதை மட்டும் சொல்லும்" என்றார்.

என்னிடமா சொல்கிறார்.

4-9-79

ஏஜெண்ட் ஆபீசில் என் வாக்குமூலம். ஏசி அறை. ஜார்ஜ் என்கிற பையன் டைப் அடித்தான், நம் லூர்து மாதா கோயில் பையன்தான். நான் பேசப் பேச மெஷின் தடதடவென்று ஓடியது. ஆபீசே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது.

பெடல் நின்றதைச் சொன்னேன். நடுச்சாமம், குளிர் காற்று, நாய் ஊளை. எதையும் விடவில்லை. மச்சான் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? நூற்றுப் பத்து மைலில் போவார், ஒரு கையால் ஸ்டியரிங், மறு கையால் தலை சீவுவார் என்றேன். கிரேன்காரர்தானே என்று எவனும் எண்ணிவிடக் கூடாது.

"நூத்திப்பத்தா அங்கிள்?"

"போடு. கம்மியாத்தான் சொல்றேன்."

வரும் வழியில் ரவூப் பட்டறையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தக் கொட்டகைப் பக்கம் பார்க்காமல் வந்தேன். எப்போதும் அப்படித்தான் வருவேன்.

18-9-79

சீமையிலிருந்து வந்த இன்ஜினியர் காலையில் பட்டறைக்கு வந்தார். ஒல்லியான ஆள், வேர்த்துக் கொட்டுகிறது. ரவூப் தார்ப்பாயை இழுத்தார். உள்ளே சீட்டில் மச்சானின் குளிர்கண்ணாடி உறை இன்னும் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இன்ஜினியர் பெடலை மிதித்தார். எழும்பியது. இன்னொரு தடவை. எழும்பியது. இருபது தடவை மிதித்திருப்பார், ஒவ்வொரு தடவையும் புது வண்டி மாதிரி எழும்பியது.

ஜார்ஜ் அவர் சொன்னதைத் தமிழில் சொன்னான். இந்தக் குறை சூட்டில்தான் வருமாம். கம்பி ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் ஓடுகிறது. வெயிலில் அந்தக் குழாய் வீங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். சீமையில் யாருக்கும் தெரியாமல் போனது அதனால்தான். சூடு தணிந்தால் தானே விட்டுவிடும். "உங்க வாக்குமூலத்துல நடுராத்திரி, குளிர் காத்துன்னு இருக்கு அங்கிள். குளிர்ல அது ஒட்டாது. அப்போ நீங்க பாத்தது இந்தக் குறை இல்ல. அதோட நூத்திப்பத்து மைல்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. வேகத்துல போனார்னு எழுதிட்டுப் போறாங்க."

ஜோசபின் வாசலில் நின்றிருந்தாள். குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

19-9-79

வடிவேலு கடைப்பக்கம் போகவில்லை.

22-9-79

நடராசா ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஓய் சூசைநாதன், பேய்க்கு வெயில் ஆகாது எண்டு நீர் எங்க படிச்சனீர்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் கேக்கிறது ஒண்டுதான். அது ராவோ, பகலோ?"

எழுந்து வந்துவிட்டேன். உட்காரவே இல்லை, எழுந்தேன் என்று எழுதுகிறேன் பார்.

23-9-79, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இங்கே எழுதிவிட்டால் பிறகு வாயால் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது.

அது நடுச்சாமம் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம். ரவூப்புக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோனேன். அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்தார், வேலையாட்களும் போயிருந்தார்கள். பட்டறை திறந்து கிடந்தது. துத்தநாகக் கூரைக்குக் கீழே அடுப்பு மாதிரி வெக்கை. சும்மா ஒரு ஆசையில் தார்ப்பாயைத் தூக்கி உள்ளே உட்கார்ந்தேன். சீட்டு தொடையைச் சுட்டது. மிதித்தேன். எடுத்தேன். எழும்பவில்லை.

நாய் கிடையாது. ஒரு சத்தமும் கிடையாது. வெளியே பட்டப்பகல், தேக்கா முழுக்க ஜனம். என் காலுக்குப் பக்கத்தில் பெடல் மட்டும் கீழேயே இருக்கிறது.

பேய் என்று நான் பயப்படவில்லை. பேய் இருந்தால் இருக்கட்டும், மச்சான்தானே. செத்த பிறகும் மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்றால் அன்றைக்கும் அவர்தானே மிதித்தார்? அந்த நினைப்புதான். கோயிலில் சொன்னது நிஜம், என் தங்கை வாய்ச்சொல்லைக் கேட்டுத்தான் போனார், அதை என்னிடம் காட்டுகிறார்— பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. ரவூப் சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் வடிவேலு கடையில் அதைக் கதையாக்கினேன். மத்தியானத்துப் பேயை எவன் மதிப்பான்? ராத்திரிக்குத் தள்ளினேன். நாயைச் சேர்த்தேன். சேர்க்கச் சேர்க்க அது எனக்கு நடந்தது மாதிரி இல்லாமல் போனது. அது வேண்டியிருந்தது.

ஆனாலும் வலது கால் இன்றும் சில நேரம் மரத்துப்போகிறது. யாரோ மேலே காலை வைத்த மாதிரி.

24-9-79

ஜோசபினிடம் சொன்னேன். அடுப்படியில் நின்று கடைசி வரை கேட்டாள்.

"மத்தியானமா?"

"மத்தியானம்."

"சத்தியமா?"

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டுப் பதிலை நம்பியது கிடையாது. "அப்பா மேல சத்தியமா" என்றேன். ஈரக்கையோடு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி உள்ளே இருந்து, "நடராசா அங்கிளுக்கு போன் போடுறேன்" என்றாள். அவள் கேலி எதுவும் செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

28-9-79

திரும்ப ஏசி அறை. திரும்ப ஜார்ஜ். இந்தத் தடவை நடராசா பக்கத்தில்.

"அங்கிள், ராத்திரியா பகலா?"

"பகல்."

"நாய்?"

"நாய் இல்ல."

"குளிர் காத்து?"

"பட்டறையில ஃபேன்கூட இல்லப்பா."

"நூத்திப்பத்து மைல்?"

"அந்த வண்டியில நான் ஏறுனதே ரெண்டு தடவதான். ரெண்டு தடவையும் கண்ண மூடிக்கிட்டிருந்தேன்."

"ஒரு கையால தல சீவுவார்னு சொன்னீங்களே?"

"அவருக்கு வழுக்கை."

ஜார்ஜ் கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டான். சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்தான். நடராசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு ரெண்டு பக்கம் வந்த வாக்குமூலம் இப்போது அரைப் பக்கம் கூட வரவில்லை. படித்துக் காட்டினான். எவ்வளவு வறண்டு கிடக்கிறது! கையெழுத்துப் போட்டேன்.

'இவர் ஏற்கனவே ஒன்று சொன்னவர், இதை எப்படி நம்புவது' என்று இன்ஜினியர் கேட்டாராம். நடராசா, "அவரை நம்ப வேண்டாம். மத்தியானம் வந்து வண்டியைக் கேளும்" என்று சொல்லி நாள் வாங்கியிருக்கிறார்.

11-10-79

நாளைக்கு. மூன்று நாளாக மத்தியானம் ஆனால் மேகம் கட்டுகிறது. ஜோசபின் வானத்தைப் பார்க்கிறாள், நான் ஜோசபினைப் பார்க்கிறேன்.

பெடல் நாளைக்கும் எழும்பிவிட்டால்?

12-10-79, வெள்ளி

உள்ளபடியே எழுதுகிறேன்.

ரவூப் தொழுகைக்குப் போன பிறகு இன்ஜினியரும் ஜார்ஜும் நடராசாவும் வந்தார்கள். நானும் ஜோசபினும் முன்பே வந்துவிட்டோம். வானம் மூடியிருந்தது. இன்ஜினியர் மிதித்தார். பெடல் கொஞ்சம் தயங்கி எழும்பியது. மறுபடி மிதித்தார், எழும்பியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வாய் துறுதுறுவென்றது. ஏதாவது சொல்லி அவரை நிறுத்த வேண்டும், என்னால் முடியும், எத்தனை கூட்டத்தை நிறுத்தியிருக்கிறேன். சொல்லவில்லை.

நடராசா அவரிடம் சீமையில் எங்கே படித்தீர், எந்தத் தெரு என்று மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அதற்குள் வெயில் வந்தது. கூரைத் தகடு டக் டக்கென்று வெடிக்கத் தொடங்கியது. ஆண்கள் எல்லாரும் சட்டைப் பொத்தானை அவிழ்த்தோம். ஒருவரும் கொட்டகையை விட்டுப் போகவில்லை.

இன்ஜினியர் மறுபடி மிதிக்க எழுந்தபோது ஜோசபின், "நான் மிதிக்கிறேன்" என்றாள். அந்த அஞ்சு வருஷமும், பிறகு இந்த மூன்று வருஷமும் அவள் அந்த வண்டியில் ஏறியதே இல்லை. செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். சீட்டில் கிடந்த குளிர்கண்ணாடி உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெறுங்காலால் மிதித்தாள்.

காலை எடுத்தாள்.

பெடல் கீழேயே நின்றது.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். ஜார்ஜ் பார்த்தான். ஜோசபின் அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரிடமோ தணிந்த குரலில், "கால எடுத்துட்டீங்கதானே" என்றாள். "எடுத்தீங்க. அதுதான் வரல."

குனிந்து கையால் பெடலைத் தூக்கிவிட்டாள்.

இன்ஜினியர் கம்பியைக் குழாயோடு கழற்றி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மற்ற வண்டிகளில் பார்த்ததேதான் என்றார். ஜோசபினுக்கு முன்னால் வந்து தலையை ஒரு தடவை தாழ்த்தினார்.

24-10-79

கம்பெனியோடு முடிந்தது. நடராசா கட்சிக்கு வெற்றிதான். எல்லாருக்கும் வண்டியின் விலை, வரியோடு சேர்த்து. ஜோசபினுக்கு அதற்கு மேலேயும் கொடுக்கிறார்கள். ஆனால் தவறு எங்களுடையது என்று எழுத மாட்டார்களாம். 'பரிசோதித்ததில் இந்த வண்டியில் மேற்படி குறை இருந்தது' என்ற ஒரு வரிக்கே நடராசா பத்து நாள் சண்டை போட்டிருக்கிறார்.

"நியாயமான ஈடு எண்டு நான் சொல்ல மாட்டேன் அம்மா. கிடைக்கக்கூடியது இவ்வளவுதான். திருப்தியோ?"

"வண்டிக்கு வரியெல்லாம் சேத்துக் குடுத்திருக்காங்க. மனுஷனுக்கு என்ன கணக்குப் போட்டாங்கன்னு தெரியல" என்றாள் ஜோசபின். அந்த ஒரு வரியைப் பெட்டியிடம் நீட்டி, தமிழில் சொல்லச் சொன்னாள். பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நியூட்டன் ஸ்டாப் தாண்டும்போது சொன்னாள். "வண்டி கொண்டுபோச்சு அண்ணே. சரி. போகச் சொன்னது நான்தானே."

முன்பென்றால் அதற்கு ஒரு பதில் ஜோடித்திருப்பேன்.

29-10-79

காரைக் கம்பெனி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும். ரவூப் அந்த இடத்தில் இன்னும் எதையும் வைக்கவில்லை.

2-11-79, வெள்ளி

இறந்தவர்கள் திருநாள். சாயங்காலப் பூசை. போகும் முன் வடிவேலு கடையில் ஒரு டீ.

"அண்ணே, பேய்க் கதை?"

"கார் போயிடுச்சுப்பா."

"கார் போனா என்ன, கதைய சொல்லுங்களேன்."

வெள்ளைக்கார இன்ஜினியர் எனக்குக் கை கொடுத்துப் பாராட்டினார் என்று மட்டும் சொன்னேன். கை கொடுக்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை.

கோயிலில் ஃபாதர் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். எங்கள் அப்பா. அம்மா. அதற்கு அடுத்து, இயேசுதாசன். முன்வரிசையில் ரெண்டு மூன்று தலைகள் திரும்பின. ஜோசபின் திரும்பவில்லை. ஃபாதர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எல்லாப் பெயரையும் ஒரே குரலில்தான் வாசித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அங்கிருந்து அவர் கால் தெரியும். புக்கிட் மேரா வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஸ்டாப் வந்தது. காலை எடுத்தார். வண்டி வேகம் குறைந்து நின்றது.